எரிந்தால் கிருமி செத்துவிட்டதா? கிருமிநாசினியில் நாம் செய்யும் தவறுகள்

அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவில் ரோட்டோரமாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். போன ஆடி மாசம் ஒரு சாயங்காலம், ஏழாவது படிக்கிற பையனைக் கூட்டிக்கொண்டு அவனுடைய அமுச்சி (அம்மாவைப் பெற்ற பாட்டி) வந்தார். கெண்டைக்காலில் நாய் கடித்திருந்தது. காலைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது, முட்டிக்குக் கீழே அத்தனையும் செக்கச்செவேல். கிட்டப் போய்ப் பார்த்தால் பாதிதான் ரத்தம். மஞ்சள்தூளையும் சுண்ணாம்பையும் குழைத்து அப்பியிருக்கிறார், ரெண்டும் சேர்ந்தால் ஆரத்தித் தண்ணி மாதிரி சிவந்துவிடும் அல்லவா. "ஏனுங்க தம்பி, மேல ஊத்தறதுக்கு நல்ல மருந்தா ஒன்னு குடுங்க, எரிஞ்சாலும் பரவால்லீங்க" என்றார்.

நான் அலமாரியில் இருந்து எதையும் எடுக்கவில்லை. கடைக்குப் பின்னால் குழாயடியில் பையனை நிற்க வைத்து, குளியல் சோப்பு ஒன்றைக் கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிஷம் கழுவ வைத்தேன். அமுச்சிக்கு மனசே இல்லை. வெறும் சோப்பா என்று கேட்டார். வெறும் சோப்புதான். வெறிநாய்க்கடி வைரஸுக்கு வெளியே கொழுப்பால் ஆன ஒரு மெல்லிய உறை உண்டு, எண்ணெய்ப் பாத்திரத்தில் பிசுக்கைக் கரைப்பது போலவே அந்த உறையைச் சோப்பு கரைத்துவிடும், ஓடுகிற தண்ணீர் மிச்சத்தைக் காயத்தை விட்டு வெளியே அடித்துக்கொண்டு போகும். சுண்ணாம்பு அப்படி இல்லை. அது காரம், சதையை வேக வைக்கும். வெந்த சதைக்கு அடியில் வைரஸ் பத்திரமாக இருக்கும். கழுவி முடித்தபின் போவிடோன் அயோடின் போட்டு, கட்டுக் கட்டாமல் அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். தடுப்பூசி அன்றைக்கே ஒன்று, அப்புறம் 3, 7, 28ஆம் நாட்களில் என்று போட வேண்டியிருக்கும். கடியில் ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றியே போடுகிற இம்யூனோகுளோபுலின் ஊசியும் வேண்டும். நோய் அறிகுறி தெரிய ஆரம்பித்துவிட்டால் வைத்தியமே கிடையாது, அதனால்தான் அந்த 15 நிமிஷத்தை இவ்வளவு பிடிவாதமாகச் சொல்கிறேன்.

அந்த அமுச்சி கேட்டது ஒரு ஆள் கேட்பது இல்லை. தினமும் கவுண்டரில் இதேதான் கேட்கிறேன். எரிந்தால் வேலை செய்கிறது, நுரைத்தால் கிருமி சாகிறது, வாசனை மூக்கைத் துளைத்தால் வீடு சுத்தம். இந்த மூன்றுமே ஆதாரம் இல்லை. என்ன மருந்து, எவ்வளவு செறிவு, எதன் மேல், எத்தனை நேரம் என்ற நான்கு கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் அது கிருமிநாசினி, இல்லாவிட்டால் வெறும் திரவம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழில் எல்லாவற்றையும் கிருமிநாசினி என்றே சொல்லிவிடுகிறோம். ஆனால் உயிருள்ள தோலின் மேல் போடுவது வேறு, அதற்கு ஆன்டிசெப்டிக் என்று பெயர். தரை, மேசை, கத்தரிக்கோல் மேல் போடுவது வேறு, அது டிஸ்இன்பெக்டன்ட். முன்னது கிருமியைக் கொல்ல வேண்டும், நம் செல்லைப் பெரும்பாலும் விட்டுவைக்கவும் வேண்டும். பின்னதற்கு அந்தக் கட்டாயம் இல்லை. தரைக்கு உள்ள பினாயிலைச் சேற்றுப்புண்ணில் ஊற்றிக்கொண்டு வருகிறவர்களை வருஷத்துக்கு ரெண்டு மூன்று பேராவது பார்த்துவிடுகிறேன், அதிலும் கறுப்பு பினாயில் நிலக்கரித் தாரில் இருந்து வருவது, தோலை அப்படியே பொத்துவிடும்.

சரி, எரிச்சலுக்கு வருவோம். டெட்டாலில் இருக்கும் மருந்து குளோரோசைலினால், 4.8 சதவீதம். பாட்டிலிலேயே எழுதியிருக்கும், புண்ணுக்கு என்றால் ஒரு பங்குக்கு 20 பங்கு தண்ணீர் கலக்க வேண்டும் என்று. யாரும் படிப்பதில்லை. தண்ணீர் ஊற்றினால் பால் மாதிரி வெளுக்கிறதே, சத்துப் போய்விட்டதோ என்று பயந்து நேரடியாக ஊற்றிவிடுகிறார்கள். வெளுப்பது கெட்டுப்போனதால் இல்லை, அதில் கலந்திருக்கும் பைன் எண்ணெய் தண்ணீரில் கரையாமல் பொடிப்பொடித் துளிகளாகப் பிரிந்து நிற்கிறது, அவ்வளவுதான். கலக்காமல் ஊற்றினால் காயத்தைச் சுற்றியுள்ள நல்ல தோலும் வெந்து, காயம் ஆற வேண்டிய செல்களே செத்து, நாலு நாளில் ஆற வேண்டியது பத்து நாள் இழுக்கும்.

ஸ்பிரிட்டிலும் இதே கதை வேறு மாதிரி. 70 சதவீத ஆல்கஹாலை விட சுத்தமான ஆல்கஹால் பலமாக இருக்கும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். உண்மை தலைகீழ். ஆல்கஹால் கிருமியைக் கொல்வது அதன் புரதத்தைத் திரிய வைத்து, ஒரு நாமக்கல் முட்டையை உடைத்து ஸ்பிரிட்டில் விட்டால் வெள்ளைக்கரு வேகாமலே வெந்தது போல் கட்டியாகுமே, அதே காரியம். அந்தத் திரிதல் நடக்கத் தண்ணீர் வேண்டும். தண்ணீரே இல்லாத ஆல்கஹால் சட்டென்று ஆவியாகியும் போய்விடும், வேலையும் அரைகுறை. உலக சுகாதார நிறுவனம் கைக்குத் தேய்க்கச் சொல்வதும் 80 சதவீத எத்தனால் அல்லது 75 சதவீத ஐசோபுரொப்பைல்தான். திறந்த காயத்துக்குள் இதை ஊற்றக் கூடாது, ஊசி போடும் முன் தோலைத் துடைக்க மட்டும். துடைத்தால் காயும்வரை பொறுங்கள், ஈரத்தோடு ஊசி ஏற்றினால் எரிவது மட்டும்தான் மிச்சம். இன்னொன்று, எத்தனை தேய்த்தாலும், டெட்டனஸ் போன்ற கிருமிகள் கெட்டியான ஓட்டுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் வித்துகளை ஆல்கஹால் ஒன்றும் செய்யாது. கட்டுத்தரையில் ஆணி குத்தினால், தோட்டத்தில் கொத்து வாய் பட்டால், மண்ணும் சாணமும் போகக் கழுவிவிட்டு டிடி ஊசிக்குத்தான் ஓட வேண்டும்.

இப்போது நுரை. திருப்பூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு இதை நான் தனியாகச் சொல்ல வேண்டும். ஹைட்ரஜன் பெராக்சைடு நமக்கு மருந்தாகத் தெரியும் முன்பே பிளீச்சிங் பட்டறைச் சரக்காகத் தெரியும், பனியன் துணி வெளுப்பது அதில்தான். பட்டறைக்கு வருவது பெரும்பாலும் 50 சதவீதம். மருந்துக்கடையில் விற்பது 3லிருந்து 6 சதவீதம். பேர் ஒன்று, நிறம் ஒன்று, ரெண்டும் தண்ணி மாதிரியே இருக்கும். பட்டறையில் வேலை பார்க்கும் ஒருவர் கேனில் இருந்து ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்திருந்து, வீட்டம்மாவின் அரிவாள்மணைக் காயத்தில் விட்டுவிட்டார். விரலெல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல் வெளுத்து, ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மருந்துக்கடைச் சரக்கே கூட தினமும் போடுகிற பண்டம் இல்லை. நுரை வருவது கிருமி சாவதால் என்று நினைக்கிறோம், ஆனால் நம் ரத்தத்திலும் சதையிலும் உள்ள கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் உடைக்கிறது, நுரை அந்த ஆக்ஸிஜன். அதாவது நுரைக்க நுரைக்க மருந்து செலவாகிறது. காயத்துக்குள் ஒட்டிய அழுக்கைக் கிளப்பிவிட ஒரு தடவை உதவும், புதிதாக வளரும் தோலையும் சேர்த்து அரிக்கும். ஆழமான குழிப்புண்ணுக்குள் பீய்ச்சி அடித்தால் வாயு ரத்தக்குழாய்க்குள் புகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

நிறத்தை நம்புவதில் மட்டும் ஒரு இடத்தில் நியாயம் இருக்கிறது. போவிடோன் அயோடின் என்பது அயோடினை ஒரு பெரிய பாலிமரோடு லேசாக முடிச்சுப் போட்டு வைத்தது. 10 சதவீதக் கரைசலில் கிடைக்கக்கூடிய அயோடின் 1 சதவீதம், அது கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்து வந்து வேலை செய்யும். பழுப்பு நிறம் இருக்கும்வரை அயோடின் இருக்கிறது. சீழும் ரத்தமும் நிறைந்த புண்ணில் போட்டால் கிருமியைத் தொடும் முன்பே அவை அயோடினைத் தின்றுவிடும், நிறம் மங்கிவிடும், அதனால் முதலில் கழுவ வேண்டும் என்பது இங்கேயும் அதே பாடம்தான். தடவியவுடன் துடைத்துவிடாதீர்கள், காய ரெண்டு நிமிஷமாவது ஆகும். பச்சைக் குழந்தைக்கும், தைராய்டு தொந்தரவு உள்ளவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் நாள்கணக்கில் பூசக் கூடாது, அயோடின் தோல் வழியாக உள்ளே போகும்.

மஞ்சளைப் பற்றிச் சொன்னால் ஈரோட்டுக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஈரோடு மஞ்சளுக்கு 2019ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, எனக்கும் பெருமைதான். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருளுக்குக் கிருமியை அடக்கும் தன்மை சோதனைக்கூடத்தில் தெரிவது நிஜம். ஆனால் அது தண்ணீரில் சரியாகக் கரையாது, அடுப்படி டப்பாவில் உள்ள தூள் கிருமி நீக்கியதும் இல்லை. தோட்டத்தில் தோண்டி, வேக வைத்து, களத்தில் காய வைத்து அரைத்ததில் மண்ணில் உள்ள கிருமி வித்துகள் இருக்கத்தான் செய்யும். முழுத்தோலில் பூசிக் குளியுங்கள், வெட்டுக்காயத்துக்குள் திணிக்காதீர்கள்.

சாவ்லான் வகையில் செட்ரிமைடும் குளோர்ஹெக்ஸிடினும் இருக்கும், இதில் பலருக்கும் தெரியாத ஒரு சிக்கல் உண்டு. இந்த மூலக்கூறுகளுக்கு நேர்மின்னூட்டம், சோப்புக்கு எதிர்மின்னூட்டம். ரெண்டும் சேர்ந்தால் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ரெண்டும் வீணாகும். சோப்பு போட்டுக் கழுவினால் நுரை போக அலசிவிட்டு அப்புறம் இதை விடுங்கள். பல் டாக்டர் எழுதிக் கொடுக்கும் குளோர்ஹெக்ஸிடின் வாய்க்கழுவியையும் பேஸ்ட் போட்டு விளக்கிய கையோடு கொப்பளிக்காமல் அரைமணி நேரம் விடச் சொல்வது இதனால்தான். கண்ணிலும், சவ்வு கிழிந்த காதுக்குள்ளும் ஒரு சொட்டுக் கூடப் படக் கூடாது. குலதெய்வக் கோயிலில் காது குத்திவிட்டு வரும் குழந்தைக்கு எது போட என்று கேட்டால், மடலின் முன்னும் பின்னும் உப்புத்தண்ணீரால் துடைத்து உலர்த்தினால் போதும் என்றே சொல்கிறேன்.

இனி வாசனை. இதில்தான் உயிரே போகும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முன்னால் ஒறம்பரை (சொந்தக்காரர்கள்) வருவார்கள் என்று கழிவறையைத் தேய்க்கும்போது, ஆசிட் கிளீனரையும் பிளீச்சையும் ஒன்றாக ஊற்றிவிடுகிறார்கள், ரெண்டும் சேர்ந்தால் ரெட்டிப்புச் சுத்தம் என்று. கழிவறைக் கிளீனரில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம், பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். சேர்ந்தால் வருவது குளோரின் வாயு. முதல் உலகப்போரில் 1915ல் பதுங்குகுழிகளின் மேல் விட்டார்களே, அதே வாயு. கதவைச் சாத்திய நாலடிக் குளியலறையில் ரெண்டு மூச்சு போதும். பழைய மூத்திர நாற்றம் உள்ள இடத்தில் பிளீச் ஊற்றினாலும் அதில் உள்ள அம்மோனியாவோடு சேர்ந்து குளோரமின் என்ற நச்சு வாயு கிளம்பும், முதலில் தண்ணீர் விட்டு நன்றாக அலசிவிடுங்கள். இருமல் வந்தால் கழுவி முடித்துவிடலாம் என்று நிற்காமல் உடனே வெளியே வாருங்கள்.

பிளீச் தனியாக அருமையான பொருள். 1847ல் வியன்னாவில் செம்மல்வெய்ஸ் என்ற டாக்டர், பிணம் அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வந்தவர்களை பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் கை கழுவ வைத்தார், பிரசவக் காய்ச்சலில் தாய்மார் சாவது மளமளவென்று குறைந்தது. 5 சதவீத பிளீச் என்றால் தரைக்கு 1 பங்குக்கு 49 பங்கு தண்ணீர், ரத்தம் சிந்திய இடத்துக்கு 1க்கு 9. பத்து நிமிஷம் ஈரமாக நிற்க வேண்டும், தெளித்து உடனே துடைத்தால் பயன் இல்லை. கலக்கியது அன்றைக்கே தீர வேண்டும், வெயிலில் வைத்தால் இன்னும் சீக்கிரம் போய்விடும். பஞ்சாயத்தில் இருந்து வரும் பிளீச்சிங் பவுடரும் அப்படியே, மூட்டை பிரித்து ஈரக்காற்றுப் பட்டு மாசக்கணக்கில் கிடந்தால் குளோரின் எல்லாம் போய் வெறும் சுண்ணாம்புதான் மிஞ்சும், அதைத் தெருவோரம் கோடு போட்டு என்ன பிரயோஜனம்?

பண்ணையம் பார்ப்பவர்களுக்கும் ரெண்டு வார்த்தை. பால் கறந்தவுடன் காம்பின் துளை கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும், அப்போது காம்பை அயோடின் கரைசலில் முக்கியெடுத்துவிட்டு, தீவனம் போட்டு அரைமணி நேரம் மாட்டைப் படுக்காமல் நிற்க வையுங்கள். மடிநோய் நிறையக் குறையும். கோமாரி வந்த கட்டுத்தரையில் பினாயில் ஊற்றினால் போதும் என்று இருக்காதீர்கள். அந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை இல்லை, பினாயில் அதை அசைப்பது கஷ்டம். லிட்டருக்கு 40 கிராம் வாஷிங் சோடா, 4 சதவீதம், அதுதான் கேட்கும். சாணத்தை வழித்துவிட்டு ஊற்ற வேண்டும். கோழிப்பண்ணை வாசலில் கால் நனைக்கிற தொட்டியும் சேறு கலங்கிக் கிடந்தால் தண்ணீர்த் தொட்டிதான்.

கடைசியாக, பினாயிலையும் ஆசிட்டையும் பெராக்சைடையும் குடிதண்ணி பாட்டிலிலோ கலர் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள், தெருவில் வண்டியில் வந்து அளந்து ஊற்றும் பினாயில் அப்படித்தான் எல்லா வீட்டுக்குள்ளும் நுழைகிறது. வெள்ளைப் பினாயில் தண்ணீர் கலந்தால் பால் மாதிரியே இருக்கும், தவழ்கிற குழந்தைக்கு என்ன தெரியும். யாராவது குடித்துவிட்டால் உப்புத்தண்ணி கொடுத்தோ விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள், போகும்போது சுட்டது திரும்பி வரும்போதும் சுடும், நுரையீரலுக்குள்ளும் இறங்கும். வாயை மட்டும் தண்ணீரில் அலசிவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள், அந்த பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள், உள்ளே என்ன இருந்தது என்றுதான் அங்கே டாக்டர் முதலில் கேட்பார்.