முதலில் தனி அடுப்பு, அப்புறம் தனிக்குடித்தனம்

யங்கூனில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து எழுதும் தமிழ்–பர்மிய அகராதிச் செயலி ஒன்று இருக்கிறது, ஓப்பன் சோர்ஸ்தான். நாளாக ஆக எழுத்துரு மாற்றி, தேடல், திரைகள் எல்லாம் ஒரே குவியலாகிவிட, ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினால்கூட பில்ட் (நிரலைச் செயலியாகக் கட்டும் வேலை) ஓடி முடிவதற்குள் கரண்ட் போய்விடும். பிரிக்க உட்கார்ந்து முதல் தடவை நன்றாகச் சொதப்பினோம். எடுத்த எடுப்பிலேயே ஐந்து ரெப்போவாக (நிரலையும் அதன் மாற்ற வரலாற்றையும் வைத்திருக்கும் கிடங்கு) உடைத்துவிட்டு, சின்ன மாற்றத்துக்கும் மூன்று இடத்தில் கமிட் போட்டு, அதாவது மாற்றத்தைப் பதிவு செய்து, அல்லாடினோம். கூட்டுக் குடும்பத்தில் முதல் நாளே வேறு வீடு பார்க்க மாட்டார்கள், அதே வீட்டுக்குள் தனி அடுப்பு வைத்துப் பார்ப்பார்கள் இல்லையா, அந்த வரிசைதான் இங்கேயும்.

எதைப் பிரிப்பது?

வெளியாள் ஒருவர் "இது மட்டும் கிடைக்குமா?" என்று கேட்கக்கூடிய பகுதியை. எங்களிடம் அது ஸோஜி–யூனிகோட் மாற்றி, அதாவது பழைய பர்மிய எழுத்துருவான ஸோஜியில் தட்டிய உரையை உலகப் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றும் பகுதி. இங்கே வருஷக்கணக்காக ஸோஜி எழுத்துருவில்தான் பெரும்பாலும் தட்டினார்கள். 2019 அக்டோபர் 1 அன்று நாடு அதிகாரபூர்வமாக யூனிகோடுக்கு மாறியது, பழைய கோப்புகள் மாறவில்லை. இரண்டும் ஒரே குறியீட்டு எண்களை வேறு வேறு விதமாகப் பயன்படுத்துவதால், எது எதுவென்று ஊகித்துத்தான் மாற்ற வேண்டும். யாரும் தனியாகக் கேட்காத பகுதியில் கை வைக்காதீர்கள், வேலைதான் இரட்டிக்கும்.

தனி அடுப்பு

அதே ரெப்போவுக்குள் அந்தப் பகுதியை ஒரு தனி ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். பிறகு இம்போர்ட் வரிகளை (ஒரு பகுதி இன்னொன்றை வரவழைக்கும் வரிகள்) பார்த்து, யார் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று தாளில் அம்புக்குறி போடுங்கள். வட்டம் வந்தால் அங்கேதான் சிக்கல். எங்கள் அகராதி மாற்றியைக் கூப்பிட்டது, சரி. மாற்றியோ பயனரின் எழுத்துரு என்னவென்று கேட்க செட்டிங்ஸ் திரையைக் கூப்பிட்டது, அந்தத் திரை மறுபடி அகராதியிடம் வந்து நின்றது. தீர்வு சின்னதுதான்: மாற்றும் ஃபங்ஷன் உரையோடு எழுத்துருவின் பெயரையும் ஆர்கியுமென்ட்டாக (கூப்பிடும்போது கொடுக்கும் உள்ளீடாக) வாங்கிக்கொள்ளட்டும், கூப்பிடுகிறவரே சொல்லட்டும். ஒரு இம்போர்ட் வரி போனது, வட்டமும் போனது. லினக்ஸ் டெஸ்க்டாப் எழுதும் கேடிஈ குழுவினர் தங்கள் நிரல் நூலகங்களை 2014-ல் ஃப்ரேம்வொர்க்ஸ் 5 என்று பிரித்து வெளியிட்டபோது அடுக்கு முறை வைத்தார்கள். முதல் அடுக்கில் இருப்பது வேறு எந்த ஃப்ரேம்வொர்க்கையும் நம்பியிருக்கக் கூடாது. நம் சின்னத் திட்டத்துக்கும் அந்த விதி பொருந்தும்.

அப்புறம் ஒரு பிரதி எடுத்து, மற்ற ஃபோல்டர்களை எல்லாம் அழித்துவிட்டு டெஸ்ட்டை ஓட்டுங்கள். பச்சை (எல்லா டெஸ்ட்டும் பாஸ்) வராவிட்டால் இன்னும் பிரியவில்லை என்று அர்த்தம். அவசரம் வேண்டாம், லினக்ஸில் திரையில் ஜன்னல்களைக் காட்டும் மென்பொருளை எழுதும் எக்ஸ்.ஆர்க் ஆட்களே 2005 டிசம்பரில் ஒரே மூலநிரலை 6.9 என்று ஒரே மரமாகவும், 7.0 என்று தனித்தனி மாட்யூல்களாகவும் சேர்த்தே வெளியிட்டார்கள்.

வீடு மாற்றம்

புதிதாக ஒரு குளோன் (ரெப்போவின் முழுப் பிரதி) எடுத்து, அதில் கிட் ஃபில்டர்-ரெப்போ என்ற கருவியை ஓட்டினால் அந்த ஃபோல்டரின் கமிட் வரலாறு மட்டும் மிஞ்சும். வேலை செய்துகொண்டிருக்கும் ரெப்போவில் ஓட்டாதீர்கள், வரலாற்றையே திருத்தி எழுதும் கருவி அது, கமிட் ஹாஷ்கள் (ஒவ்வொரு கமிட்டின் அடையாளக் குறிகள்) மாறிவிடும். ஃபைல்கள் முன்பு வேறு ஃபோல்டரில் இருந்தனவென்றால் (நாம்தானே நகர்த்தினோம்!) அந்தப் பழைய பாதையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நகர்த்தியதற்கு முந்தைய வரலாறு காணாமல் போகும். ரெப்போவின் மேல்மட்டத்தில் இருந்த லைசென்ஸ் ஃபைலும் தானாக வராது. எங்களுக்கு அது இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது.

பதிப்பு எண்ணை 0.1.0 என்று தொடங்குங்கள். தாய்த் திட்டத்தில் அந்தப் பதிப்பைக் குறிப்பிட்டு இணைத்து, பழைய ஃபோல்டரை அன்றைக்கே அழித்துவிடுங்கள். இரண்டு பிரதி இருந்தால் ஒருவர் இங்கே திருத்துவார், இன்னொருவர் அங்கே.

எங்கள் தேடல் பகுதி இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறது. அதன் டெஸ்ட்டை ஓட்டினால் செட்டிங்ஸ் திரை எங்கே என்று கேட்கிறது.