அண்டி ஆபீஸில் வாரத் திட்டம் போடுவது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், கருங்கல் பக்கம் முந்திரி ஆலைகளில் (நம்ம ஊர்ப் பேச்சில் அண்டி ஆபீஸ்) காலையில் எழுகிற முதல் கேள்வி, "இன்னைக்கு எத்தனை மூட்டை அவிக்கணும்?" அதைக் கடைசியாகக் கேளுங்கள். முதலில் கேட்க வேண்டியது, நாளை மறுநாள் பீலிங்கில், அதாவது பருப்பின் தோல் உரிக்கிற இடத்தில், எத்தனை பேர் உட்காருவார்கள் என்பது.

காரணம் இருக்கிறது. திங்கட்கிழமை அவித்த கொட்டை ஆறி, செவ்வாய் உடைபட்டு, ராத்திரி போர்மாவில் (பருப்பைக் காயவைக்கிற சூட்டு அறை) காய்ந்து, புதன்கிழமைதான் தோல் உரிக்க வருகிறது. கையால் உரிக்கிற ஆபீஸில் பீலிங்தான் ரொம்ப மெதுவான இடம், மொத்த ஆலையும் அந்த வேகத்தில்தான் ஓடும், பாய்லரை எவ்வளவு முடுக்கினாலும் சரி.

கணக்கை இப்படிப் போடுங்கள். 60 பேர், ஆளுக்கு 10 கிலோ என்றால் நாளுக்கு 600 கிலோ பருப்பு. 80 கிலோ மூட்டைக்கு 20 கிலோ பருப்பு என்று வைத்தால் 30 மூட்டை, அவ்வளவுதான் அவிக்க வேண்டும். 45 மூட்டை அவித்தால் மிச்சப் பருப்பு போர்மாவுக்கு வெளியே காத்துக் கிடக்கும், நம்ம ஊர் ஈரக்காற்றை இழுத்துக்கொள்ளும், மொறுமொறுவென்று விட்டுப்போக வேண்டிய தோல் திரும்ப ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கத்தியால் சுரண்ட வேண்டியதுதான், முழுப் பருப்பு உடைந்து விலை இறங்கிவிடும். அதனால் ஒரு விதி வையுங்கள்: பீலிங்குக்குக் காத்திருக்கிற பருப்பு ஒரு நாள் வேலைக்கு மேல் சேர்ந்தால் மறுநாள் அவிப்பைக் குறைக்க வேண்டும். சாயங்காலம் எடை பார்த்து கரும்பலகையில் எழுதுங்கள், முதலாளியிடம் கேட்காமலே சூப்பர்வைசர் குறைக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆள் வரவு காலண்டரில் தெரியும். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா, மாசிக் கடைசிச் செவ்வாய் மண்டைக்காடு கொடை, இரண்டுக்கும் மாவட்டமே விடுமுறை. முன்னும் பின்னும் பீலிங்கில் ஆள் குறையும், அவிப்பை இரண்டு நாள் முன்பே இறக்குங்கள். இதை உரிக்கிற அக்காமாரிடமே கேளுங்கள், அவர்கள் சொல்வதைவிட நம்பகமான கணக்கு எந்த ஆபீஸ் ரூமிலும் கிடையாது.

மழைக்கும் அதேதான். நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை. அதற்கு முன்னாலேயே வெயிலில் காய்ந்த கொட்டையைக் குடோனில் சேர்த்துவிடுங்கள்.

ஆர்டர் ஒப்புக்கொள்ளும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். 20 அடி கன்டெய்னருக்கு 50 பவுண்டு பெட்டி 700, அதாவது 15.9 டன், நாளுக்கு 600 கிலோ என்றால் 27 வேலை நாள் என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் வாங்குபவர் கேட்பது முழுக்க 320 ரகம், அதாவது பவுண்டுக்குச் சுமார் 320 முழுப் பருப்பு நிற்கிற அளவு. உங்கள் 600 கிலோவில் 240, 320, பாதி, துண்டு எல்லாம் கலந்துதான் வரும். போன மாதக் கிரேடிங் நோட்டை எடுத்து, 320 எத்தனை சதவீதம் விழுந்தது என்று பார்த்து, அதை வைத்து நாளைக் கணக்கிட்ட பிறகே தேதி சொல்லுங்கள்.