ஈமேக்ஸில் மெசேஜ் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஈமேக்ஸ் எடிட்டரின் நிரல்மொழியான எலிஸ்ப்பில் எழுதத் தொடங்கும் யாருக்கும் சீக்கிரமே பழகிவிடும் ஃபங்ஷன் 'மெசேஜ்'. ஒரு ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் திரையின் அடியில் இருக்கும் எக்கோ ஏரியாவில் காட்டிவிடும். பார்க்கச் சாதுவான இந்த ஃபங்ஷன்தான் பல பேக்கேஜ்களில் தொல்லை தருகிறது. எழுத்தைக் காட்டுவதோடு அது நிற்பதில்லை. கொடுத்த ஸ்ட்ரிங்கை ஃபார்மேட் செய்யும், பதிவேட்டில் எழுதி வைக்கும், ஒரு மதிப்பையும் திருப்பித் தரும். இவற்றை மறந்து எழுதுவதால்தான் தவறுகளில் பாதி வருகின்றன.

முதலில் சதவீதக் குறி. மெசேஜுக்குக் கொடுக்கும் முதல் மதிப்பு, அதாவது முதல் ஆர்குமெண்ட், ஒரு ஃபார்மேட் ஸ்ட்ரிங்: அதில் % வரும் இடத்தில் அடுத்த ஆர்குமெண்டை நிரப்பப் பார்க்கும். "சேமித்தாயிற்று: " என்பதோடு கோப்பின் பெயரை ஒட்டி அப்படியே கொடுத்தால், பெயரில் % வராத வரை பிரச்சினை தெரியாது. "தள்ளுபடி 20% பட்டியல்" என்று ஒரு கோப்பு வந்ததும், போதுமான ஆர்குமெண்ட் இல்லை என்று எரர் விழும். இணைய முகவரி என்றால் இன்னும் மோசம். 'தமிழ்' என்ற சொல்லில் யூனிகோட் குறிகள் 5. யூடிஎஃப்-8இல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் முன்னால் ஒரு % போட்டு எழுதப்படும். ஆக அந்த ஒரே சொல் முகவரிக்குள் போகும்போது 15 சதவீதக் குறிகள் வந்து உட்காரும். ஆங்கில முகவரிகளை மட்டும் வைத்துச் சோதித்தவர் கண்ணில் இது படாது. தமிழ்ப் பக்கங்களைத் திறப்பவரிடம் முதல் நாளே வெடிக்கும்.

தீர்வு எளிது:

(மெசேஜ் "சேமித்தாயிற்று: %எஸ்" பெயர்)

முதல் ஆர்குமெண்ட் எப்போதும் நீங்கள் கையால் எழுதிய ஸ்ட்ரிங்காக இருக்கட்டும். வெளியிலிருந்து வரும் எதுவும் அடுத்த இடத்தில்தான். 'எரர்', 'யூசர்-எரர்' ஃபங்ஷன்களுக்கும் இதே விதி.

இதைச் சின்ன விஷயம் என்று விடுவதற்கில்லை. வேலை ஒழுங்காக முடிந்திருக்கும், முடிந்ததைச் சொல்லப் போன வரி உடைந்து, அதற்குப் பிறகு வரும் கோட் எதுவும் ஓடாது. அந்தக் கோட் போஸ்ட்-கமாண்ட்-ஹூக்கில் (ஒவ்வொரு கட்டளைக்குப் பிறகும் ஓடும் ஃபங்ஷன்களின் பட்டியல்) இருந்தால், எரர் கொடுத்த ஃபங்ஷனை ஈமேக்ஸ் ஹூக்கிலிருந்தே எடுத்துவிடும். "நேற்று வரை வேலை செய்தது, இன்று இல்லை" என்று வரும் புகார்களில் இந்த ரகமும் உண்டு.

அடுத்தது அவ்வளவாகப் பேசப்படாத ஒன்று: மெசேஜ், தான் காட்டிய ஸ்ட்ரிங்கையே திருப்பித் தருகிறது. ஃபங்ஷனின் கடைசி வரி அதுவானால், ஃபங்ஷனின் மதிப்பும் அதுவே. பெரும்பாலான இடங்களில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கோப்பைச் சேமிக்கும்போது ஓடும் ரைட்-ஃபைல்-ஃபங்ஷன்ஸ் ஹூக் அப்படி இல்லை. அதில் உள்ள ஏதாவது ஒரு ஃபங்ஷன் நில் (எலிஸ்ப்பில் வெறுமை அல்லது 'இல்லை') அல்லாத மதிப்பைத் தந்தால், கோப்பை அதுவே எழுதிவிட்டது என்று ஈமேக்ஸ் முடிவுகட்டிவிடும். நீங்கள் அங்கே கடைசி வரியாக "சேமிக்கிறேன்..." என்று ஒரு மெசேஜ் போட்டிருந்தால், திரையில் அந்தச் சொல் தெரியும், டிஸ்க்கில் எதுவும் எழுதப்பட்டிருக்காது. மெசேஜுக்குக் கீழே ஒரு நில் போட்டால் போதும். ஆனால் அதைக் கண்டுபிடிப்பதற்குள் உயிர் போய்விடும்.

தோல்வியை மெசேஜில் சொல்வதும் பரவலான பழக்கம். "கோப்பு கிடைக்கவில்லை" என்று காட்டிவிட்டு ஃபங்ஷன் தன் பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போகும். பதிவு செய்த கீக்களைத் திரும்ப அழுத்தும் கீபோர்ட் மேக்ரோ ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் நிற்காமல், தவறான இடத்தில் அடுத்தடுத்த கீக்களை அழுத்திக்கொண்டே போகும். எரர் போட்டால் மேக்ரோ அங்கேயே நின்றுவிடும். தவறு பயனருடையது என்றால், உதாரணமாக எதையும் தேர்வு செய்யாமல் கட்டளையைக் கொடுத்தால், யூசர்-எரர் போடுங்கள். எரர் வந்ததும் டிபக்கரைத் திறக்கும் டிபக்-ஆன்-எரர் வைத்திருப்பவர்களுக்கும் அது டிபக்கரைத் திறந்து காட்டாது.

லூப்புக்குள் மெசேஜ் போடுபவர்கள் தனி இனம். 5,000 கோப்புகளுக்கு 5,000 மெசேஜ். அவை எல்லாம் செய்திகளின் பதிவேடான மெசேஜஸ் பஃபரில் (ஈமேக்ஸ் எழுத்தை வைத்திருக்கும் இடம்தான் பஃபர்) பதிவாகும், அந்தப் பஃபரோ இயல்பாக 1,000 வரிகளை மட்டும்தான் வைத்துக்கொள்ளும். காலையில் வந்த முக்கியமான எச்சரிக்கை இந்த வெள்ளத்தில் போய்விடும். முன்னேற்றத்தைக் காட்ட மேக்-புரோக்ரஸ்-ரிப்போர்ட்டர் இருக்கிறது. எவ்வளவு அடிக்கடி காட்டுவது என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும், முடிவில் "...done" என்றும் சேர்த்துவிடும்.

இங்கே இரண்டு வேரியபிள்களைக் குழப்பிக்கொள்கிறார்கள். இன்ஹிபிட்-மெசேஜ் திரையில் காட்டுவதைத்தான் நிறுத்தும், பதிவு தொடரும். பதிவை நிறுத்த மெசேஜ்-லாக்-மேக்ஸை அந்த இடத்துக்கு மட்டும் நில் ஆக்க வேண்டும். டிபக் செய்ய ஏபிஐ டோக்கனை ஒரு மெசேஜில் காட்டிப் பார்த்துவிட்டு, திரையில் மறைந்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பவர்கள் கண்ட்ரோல்-ஹெச் அழுத்தி, பிறகு ஈ அழுத்திப் பார்க்கட்டும். அங்கே பத்திரமாக இருக்கும்.

எக்கோ ஏரியாவும், ஈமேக்ஸ் கேட்பதற்குப் பயனர் பதில் தட்டும் மினிபஃபரும் ஒரே இடம் என்பதையும் மறக்கக் கூடாது. ஒருவர் கோப்பின் பெயரைத் தட்டிக்கொண்டிருக்கும்போது உங்கள் டைமர் வந்து "சிங்க் முடிந்தது" என்று காட்டினால், பழைய பதிப்புகளில் அவர் தட்டியதே தற்காலிகமாக மறைந்துபோகும். 27ஆம் பதிப்பிலிருந்து செய்தி அவர் தட்டியதன் கடைசியில் ஒட்டிக்கொண்டு வருகிறது. எரிச்சல் குறைந்திருக்கிறதே தவிர, தீரவில்லை. பின்னணி வேலைகள் வெற்றியை அறிவிக்காமல் இருப்பதே நல்லது. தோற்றால் மட்டும் பேசட்டும்.

ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு மெசேஜ் போட்டால் இரண்டாவதுதான் கண்ணுக்குத் தெரியும். முதலாவதைக் காட்டியே ஆக வேண்டும் என்று நடுவில் ஸ்லீப்-ஃபார் போடாதீர்கள், எடிட்டர் உறைந்து நிற்கும். சிட்-ஃபார் என்றால் கீயைத் தட்டியவுடன் விலகிவிடும். இரண்டையும் ஒரே மெசேஜாக எழுத முடியுமானால் அந்தச் சிக்கலே இல்லை.

நீளத்தையும் கவனியுங்கள். பத்து வரி கொடுத்தால் எக்கோ ஏரியா ஃபிரேமின் (முழு ஈமேக்ஸ் சாளரத்தின்) உயரத்தில் கால் பங்கு வரை வளர்ந்து, படித்துக்கொண்டிருந்த பஃபரை மேலே தள்ளும். அடுத்த கீயைத் தட்டியதும் அத்தனையும் போய்விடும். உட்கார்ந்து படிக்க வேண்டிய அளவு செய்தி இருந்தால் தனி பஃபரில் காட்டுங்கள். ஈமேக்ஸ் தொடங்கும்போது வரும் எச்சரிக்கை என்றால் டிஸ்ப்ளே-வார்னிங்.