குளிர்காலத்தில் வண்டி டெலிவரி: கூலண்ட் உறையாமல் காப்பது எப்படி?

ஓடுகிற வண்டிக்கு என்ஜின் சூடு துணை இருக்கும். லாரியில் ஏற்றி அனுப்பும் வண்டியோ நாள் கணக்கில் அணைந்தே கிடக்கும். கடுங்குளிரில் அதைக் காப்பது உள்ளே இருக்கும் கூலண்ட் மட்டுமே; அதாவது தண்ணீரும் ஆன்டிஃப்ரீஸும் (உறையாமல் காக்கும் திரவம்) சேர்ந்த கலவை. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும். அந்த நெருக்கலில் வார்ப்பிரும்பு என்ஜின் பிளாக்கே விரிசல் விடும். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்கள் எம்மாத்திரம்!

கூலண்ட் டேங்கில் அளவு சரி, நிறமும் பச்சை, அது போதும் என்று நினைத்துவிடாதீர்கள். வெயில் காலத்தில் குறையக் குறைய வெறும் தண்ணீரை ஊற்றியிருப்பார்கள். நிறம் லேசாக வெளுக்கும், அவ்வளவுதான். ஆன்டிஃப்ரீஸின் சத்து எவ்வளவு குறைந்தது என்பது கண்ணுக்குத் தெரியாது.

அதனால் முதல் வேலை, அளப்பது. என்ஜின் நன்றாக ஆறிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சூட்டோடு திறந்தால் கொதிக்கும் கூலண்ட் பீறிட்டு முகத்தில் அடிக்கும். கூலண்டின் உறைநிலையைக் காட்டும் சிறு கருவியான ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் இரண்டு சொட்டு விட்டு, மேல்தகட்டை மூடி, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடியுங்கள். மேலே நீலம், கீழே வெள்ளை தெரியும். இரண்டும் சந்திக்கும் கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ, அதுதான் உங்கள் கூலண்ட் உறையும் வெப்பநிலை. எத்திலீன் கிளைக்காலுக்கான (ஆன்டிஃப்ரீஸின் முக்கியப் பொருள்) அளவுகோலைத்தான் படிக்கிறோமா என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்து கலவை. பாதி ஆன்டிஃப்ரீஸ், பாதி டிஸ்டில்டு வாட்டர் என்றால் சுமார் மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். கலக்காமல் அப்படியே ஊற்றினால் இன்னும் நல்லது என்று எண்ண வேண்டாம்: தனி எத்திலீன் கிளைக்கால் மைனஸ் 13 டிகிரி அளவிலேயே உறைந்துவிடும். 8 லிட்டர் கூலண்ட் பிடிக்கும் வண்டியில் ஆன்டிஃப்ரீஸ் 25 சதவீதம்தான் இருக்கிறது என்று வையுங்கள். சுமார் 2.7 லிட்டரை வடித்துவிட்டு, அதே அளவு கலக்காத ஆன்டிஃப்ரீஸை ஊற்றினால் 50 சதவீதம் வந்துவிடும். நிறத்தை நம்பி வாங்காமல், வண்டியின் கையேடு சொல்லும் வகையையே வாங்குங்கள்.

ஊற்றியதோடு வேலை முடியவில்லை. எனக்குத் தெரிந்து அதிகம் பேர் தவறவிடும் இடம் இதுதான். ஹீட்டருக்குள்ளும் பிளாக்கிலும் பழைய நீர்த்த கூலண்ட் அப்படியே நிற்கும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து என்ஜினை ஓட்டுங்கள். தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறந்து, ரேடியேட்டரின் இரண்டு ஹோஸும் சூடாகும் வரை ஓடட்டும். ஆறவிட்டு, அளவு குறைந்திருந்தால் அதே கலவையை ஊற்றி, மறுபடி அளந்து பாருங்கள். வழியில் எதிர்பார்க்கும் குளிரைவிடப் பத்து டிகிரியாவது கூடுதலாகத் தாங்கும்படி இருந்தால் நிம்மதி.

முழுவதையும் வடித்துவிட்டு அனுப்பும் வழக்கமும் உண்டு. நான் அதை விரும்புவதில்லை. வளைவுகளிலும் பம்ப்பிலும் தங்கும் நீரே போதும், உடைக்க. வேறு வழியில்லை என்றால் ‘கூலண்ட் இல்லை, ஸ்டார்ட் செய்யாதே’ என்று எழுதி ஸ்டீயரிங்கிலேயே கட்டுங்கள். கண்ணாடி கழுவும் டேங்கிலும் குளிர்கால திரவம் வேண்டும்.

வடித்த கூலண்டைத் திறந்து வைக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் இனிப்பான விஷம். குழந்தைகளும் நாய்களும் வாய் வைத்துவிடக்கூடும்.

வண்டியை இறக்குபவருக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். கூலண்ட் டேங்கில் பனிக்கூழ் தெரிந்தால் சாவியைத் திருப்பக் கூடாது. வண்டியைச் சூடான கொட்டகைக்குள் தள்ளி, முழுவதும் இளகவிட்டு, கீழே எங்காவது சொட்டுகிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும்.