ஸ்பிரிங் கிரீன் போகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மேடிசன் நகரிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும் சின்ன ஊர் ஸ்பிரிங் கிரீன். மொத்தமே சுமார் 1,600 பேர்தான் வசிக்கிறார்கள். ஆனால் ஊரைச் சுற்றிச் சில மைல்களுக்குள் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட்டின் வீடான டாலியெசின், காட்டு மேட்டில் ஒரு திறந்தவெளி நாடக அரங்கு, 'ஹவுஸ் ஆன் த ராக்' என்ற விசித்திர மாளிகை மூன்றும் இருக்கின்றன. நான் இங்கே பலமுறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் யாராவது ஒரே நாளில் மூன்றையும் முடித்துவிடத் துடிப்பதைப் பார்க்கிறேன். அதுதான் முதல் தவறு. ஹவுஸ் ஆன் த ராக்கை முழுதாகப் பார்க்கவே அரை நாள் போய்விடும். அதன்பின் டாலியெசினில் நிற்கும்போது கண்ணும் காலும் களைத்திருக்கும். ஓர் இரவு தங்குங்கள்.

ஹவுஸ் ஆன் த ராக்கும் ரைட் கட்டியதுதான் என்று பலர் நினைத்துக்கொண்டு வருகிறார்கள். இல்லை. அது அலெக்ஸ் ஜோர்டன் என்பவர் ஒரு செங்குத்துப் பாறையின்மேல் கட்டியது. 1960-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். அதை அருங்காட்சியகம் என்று எண்ணிப் போனாலும் ஏமாற்றம்தான். எது உண்மையான பழம்பொருள், எது அங்கேயே செய்து வைத்தது என்று பிரித்துச் சொல்ல மாட்டார்கள். கண்காட்சிக்குப் போகிற மனதோடு போங்கள். பள்ளத்தாக்கின்மேல் 218 அடி நீளத்துக்கு, அடியில் தூண் இல்லாமல் நீண்டு நிற்கும் 'இன்ஃபினிட்டி ரூம்' ஒன்றே போதும். இன்னொரு விஷயம்: அங்குள்ள பெரிய ராட்டினத்தில் 269 உருவங்கள் சுற்றுகின்றன, அதில் ஒரு குதிரைகூடக் கிடையாது. ஆனால் யாரும் ஏறி உட்கார முடியாது. குழந்தைகளிடம் "ராட்டினம் சுத்தலாம்" என்று ஆசை காட்டி அழைத்துப் போகாதீர்கள்.

டாலியெசினுக்கு வருவோம். நேராகக் காரை ஓட்டிக்கொண்டு போய் வீட்டு வாசலில் இறங்க முடியாது. பார்வையாளர் மையத்திலிருந்து வழிகாட்டியோடுதான் போக வேண்டும். இடங்கள் குறைவு, அதனால் முன்பதிவு அவசியம். சீசன் பெரும்பாலும் மே முதல் அக்டோபர் வரை. படிகளும் சமமில்லாத கல்தரையும் உண்டு, நல்ல ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் நாற்காலியையும் விளக்கையும் மட்டும் பார்த்துவிட்டு வருவது பெரிய இழப்பு. டாலியெசின் என்பது வெல்ஷ் சொல். 'ஒளிரும் நெற்றி' என்று பொருள் சொல்வார்கள். ரைட்டின் தாய்வழி உறவினர்கள் வேல்ஸிலிருந்து வந்து இந்தப் பள்ளத்தாக்கில் குடியேறியவர்கள். அவர் 1911-ல் வீட்டைக் கட்டியபோது குன்றின் உச்சியில் வைக்கவில்லை, நெற்றி இருக்கும் இடத்தில் வைத்தார். சுவரைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பக்கத்தில் வெட்டியெடுத்த கற்கள், சில உள்வாங்கியும் சில வெளியே நீண்டும், மலைப்பாறை அடுக்கு எப்படி இருக்குமோ அப்படியே அடுக்கப்பட்டிருக்கும். நுழையும் இடத்தில் கூரை தலையைத் தொட்டுவிடும் போலத் தாழ்ந்திருக்கும். இரண்டு அடி தள்ளிப் போனதும் கூடம் சட்டென்று உயர்ந்து, ஜன்னல் வழியே பள்ளத்தாக்கு முழுவதும் விரியும். கூரை ஓரத்தில் மழைநீர்க் குழாய் வைக்கவில்லை. குளிர்காலத்தில் பனிக்கூர்கள் வரிசையாகத் தொங்க வேண்டும் என்பது அவர் ஆசை. பனியுகத்தில் பனிப்பாறைகள் இந்தப் பகுதியை அரைத்துச் சமமாக்காமல் விட்டுப் போனதால்தான் இங்கே இத்தனை குன்றுகள். அந்த நிலத்தைப் பார்க்காமல் வீட்டை மட்டும் பார்த்தால் பாதிதான் புரியும்.

1914 ஆகஸ்டில் இங்கே ஒரு பணியாளர் தீவைத்தும் கோடரியால் தாக்கியும் ஏழு பேரைக் கொன்றார். அவர்களில் ரைட்டின் துணைவி மேமா போர்த்விக்கும் மேமாவின் இரண்டு குழந்தைகளும் உண்டு. வழிகாட்டியிடம் அந்தக் கதையை மட்டுமே துருவித் துருவிக் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். பக்கத்திலேயே யூனிட்டி சேப்பல் என்ற சின்னத் தேவாலயம் இருக்கிறது. மேமாவின் கல்லறை அங்கேதான், அமைதியாகப் போய் நின்றுவிட்டு வரலாம். ரைட்டின் கல்லறைக் கல்லும் அங்கே உண்டு, ஆனால் அவர் அங்கே இல்லை. 1985-ல் உடலைத் தோண்டியெடுத்து எரித்து, சாம்பலை அரிசோனாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அப்புறம் நாடகம். 'அமெரிக்கன் பிளேயர்ஸ் தியேட்டர்' 1980 முதல் இங்கே நாடகம் போட்டு வருகிறது. ஷேக்ஸ்பியர் என்றதும் "நமக்குப் புரியாது" என்று டிக்கெட் வாங்காமல் திரும்பிவிடுகிறார்கள். அவசரப்படாதீர்கள். கதையை முன்பே ஒருமுறை படித்துக்கொண்டால் போதும், அந்த நடிகர்கள் ஒவ்வொரு சொல்லையும் பொருள் தெரிந்து பேசுவதில் மற்றதெல்லாம் விளங்கிவிடும். மேட்டின்மேல் இருக்கும் அரங்குக்குக் காட்டுப் பாதையில் ஏறிப் போக வேண்டும், கடைசி நிமிடத்தில் வராதீர்கள். கொஞ்சம் முன்னாலேயே வந்தால் கீழே மரத்தடி மேசைகளில் உட்கார்ந்து சாப்பிடலாம். புளிசாதம் கட்டிக்கொண்டு போக இதைவிட நல்ல இடம் கிடையாது. கொசு உண்டு. ஜூலை மாதமானாலும் சூரியன் இறங்கியதும் குளிரும், ஒரு ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டத் தொடங்கும்போது அரங்கைச் சுற்றியுள்ள மரங்களில் பக்கி என்னும் இரவுப் பறவை இனத்தில் ஒன்று விடாமல் கூவும். நடிகர் வசனத்தை நிறுத்தும் இடைவெளியில் அந்தக் குரல் விழுந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நாடகம் முடிய இரவு வெகுநேரம் ஆகிவிடும். திரும்பும் வழியில் விளக்கில்லாத சாலையில் மான்கள் குறுக்கே ஓடும், பள்ளங்களில் செல்போன் சிக்னலும் சரியாகக் கிடைக்காது. தங்கும் அறைக்குப் போகும் வழியை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொண்டு மெதுவாக ஓட்டுங்கள்.