வாய்வழித் துப்பாக்கிக்கு எவ்வளவு மருந்து போதும்?

குழல் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் திணித்துச் சுடும் கருமருந்துத் துப்பாக்கி கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் கேட்பது, "இதில் அதிகபட்சம் எவ்வளவு மருந்து போடலாம்?" என்பதுதான். நானும் கேட்டேன். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே தனியாக ஒரு மான் வேட்டைப் பருவம் வரும். அதற்காக 50 காலிபரில் (குழல் துளை அரை அங்குலம்) 32 அங்குலக் குழல் வைத்த ஒன்றை வாங்கினேன். எந்த அளவுக்கு மேல் போட்டால் வீண் என்றுதான் கேட்டிருக்க வேண்டும், ஆனால் அது உறைக்க ஒரு கோடை முழுக்க ஆனது.

ஆரம்பிப்பதற்கு முன் ஒன்று. இது கம்பெனியில் செய்து, அழுத்தச் சோதனை முடிந்து, முத்திரை குத்தி வந்த துப்பாக்கிகளுக்கு மட்டும். இத்தாலியில் செய்த நகல் துப்பாக்கி என்றால் குழலில் நட்சத்திரத்துக்குக் கீழே 'பி.என்.' என்ற இரண்டு எழுத்து இருக்கும், கருமருந்துக்குச் சோதித்தது என்று அர்த்தம். ஊரில் குழாயை வைத்து அடித்த நாட்டுத் துப்பாக்கிக்கு இந்தக் கணக்கு எதுவுமே செல்லாது. உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பதே குற்றம், கூடவே அதன் இரும்பு எவ்வளவு தாங்கும் என்று செய்தவருக்கே தெரியாது.

சரி, மருந்துக்கு வருவோம். அளவு கிரெயினில், 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. அளக்கும் குவளையில் கொள்ளளவாகத்தான் அளக்கிறோம், தராசில் இல்லை. மருந்தின் மணி அளவுக்குப் பெயர் எஃப் கணக்கில்: எஃப் கூடக் கூட மணி பொடியாகும். 50 காலிபருக்கும் அதற்கு மேலும் 2எஃப், 45க்கும் கீழே 3எஃப் என்பது பொது வழக்கம். 4எஃப் சக்கிமுக்கிக் கல்லின் பொறி விழும் வெளிக்கிண்ணத்தில் தூவ மட்டும், குழலுக்குள் போகக் கூடாது. ஏன் இவ்வளவு கறார் என்றால், கருமருந்து மணியின் மேற்பரப்பில்தான் எரிகிறது. பொடி மணி என்றால் மேற்பரப்பு அதிகம், எல்லாம் ஒரே மூச்சில் பற்றிக்கொண்டு அழுத்தம் சட்டென்று ஏறும். அமெரிக்க ராணுவத்தில் ராட்மன் என்ற அதிகாரி 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெரிய பீரங்கிகளுக்குப் பெரிய பெரிய மணியாக மருந்து செய்ய வைத்தது இதனால்தான். ஆகவே 2எஃப்புக்குச் சொன்ன அளவை அப்படியே 3எஃப்பில் போடாதீர்கள். அதற்குக் கையேட்டில் தனி வரிசை இருக்கும்.

இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூடக் கலக்கக் கூடாது. இதைப் பத்து முறை எழுதினாலும் தகும். .30-06 போன்ற தோட்டாவுக்கு அமெரிக்கத் தரநிலை அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 60,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). கருமருந்துக் காலத்தில் பிறந்த .45-70க்கு 28,000தான். புகையில்லா மருந்து அழுத்தம் ஏற ஏற இன்னும் வேகமாக எரியும், அந்த வேகம் அழுத்தத்தை மறுபடி ஏற்றும். கருமருந்துக்கு அந்தக் குணம் ரொம்பக் குறைவு. பார்க்க இரண்டும் கறுப்பாக இருக்கலாம், அதனால் டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படிக்காமல் குவளையை நீட்டாதீர்கள். பேர் எழுதாத டப்பாவில் யாராவது பாசமாகக் கொடுத்தால், நன்றி சொல்லிவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

இனி செய்முறை. துப்பாக்கியோடு வந்த கையேட்டை எடுத்து உச்ச அளவைப் பென்சிலால் வட்டமிடுங்கள். அதுதான் உங்கள் வேலி. காலிபர் எண்ணையே தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், 50 காலிபருக்கு 50 கிரெயின். அங்கிருந்து ஐந்து ஐந்தாக ஏற்றி, ஒவ்வொரு அளவுக்கும் ஐந்து குண்டு சுட்டு எழுதி வையுங்கள். .490 உருண்டை ஈயக் குண்டு 177 கிரெயின் எடை, அதைச் சுற்றி எண்ணெய் தடவிய பருத்தித் துணித்துண்டு. மருந்தை டப்பாவிலிருந்தோ கொம்பிலிருந்தோ நேராகக் குழலில் கொட்ட வேண்டாம். முந்தின வெடியின் பொறி உள்ளே ஒன்று மிச்சமிருந்தால் கொம்பு முழுக்க உங்கள் கையிலேயே வெடிக்கும். முதலில் குவளை, அப்புறம் குழல்.

என் 32 அங்குலக் குழலில் 2எஃப் போட்டு எடுத்த கணக்கு: 50 கிரெயினுக்கு நொடிக்கு 1,400 அடி வாக்கில், 70க்கு 1,650, 90க்கு 1,800ஐக் கொஞ்சம் தாண்டியது. முதல் 20 கிரெயின் 250 அடி கொடுத்தது, அடுத்த 20 கிரெயின் 150தான். உதையோ அதற்கு நேர்மாறு, ஏனென்றால் கூடப் போட்ட மருந்தும் குண்டோடு சேர்ந்து வெளியே தள்ளப்படும் எடைதான். கருமருந்தில் எரிந்து முடிந்தபின் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சுகிறது. நோபிள், ஏபல் என்ற இரண்டு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1870களில் அளந்தபோது வாயுவானது சுமார் 43 சதவீதம்தான். மீதி, புகையும் கரியுமாக உங்கள் முகத்துக்கு முன்னால்.

பழைய கைகள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: குழலின் உள் கொள்ளளவு ஒரு கன அங்குலத்துக்கு 11.5 கிரெயின். 50 காலிபர், 32 அங்குலம் என்றால் கொள்ளளவு சுமார் 6.28 கன அங்குலம், அதை 11.5ஆல் பெருக்கினால் 72. இதைப் பாதுகாப்பு எல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், மருந்து காசுக்கு உழைக்கும் எல்லை இது. என் ஏட்டிலும் வேகம் ஏறுவது மந்தமானது ஏறக்குறைய அங்கேதான்.

காற்று வேறு தன் பங்குக்குப் பிடுங்கிக்கொள்கிறது. உருண்டைக் குண்டு காற்றைக் கிழிப்பதில் படு மோசம். நொடிக்கு 2,000 அடியில் கிளம்பியதும் 1,500இல் கிளம்பியதும் 100 கஜம் போய்ச் சேரும்போது அந்த 500 அடி வித்தியாசம் சுமார் 200ஆகச் சுருங்கிவிடும். தோள் வாங்கிய அடி மட்டும் சுருங்காது.

வேகத்தை அளக்க க்ரோனோகிராஃப் வேண்டும். இதில் நான் செய்த தப்பு, தோட்டாத் துப்பாக்கிக்கு வைக்கிற மாதிரி பத்தடிக்குள் வைத்தது. புகையும் பறந்துவந்த துணித்துண்டும் சேர்ந்து கண்ட எண்ணையெல்லாம் காட்டின. ஒரு வெடிக்கு 3,000 அடி என்று காட்டியபோது கொஞ்ச நேரம் பெருமையாகக்கூட இருந்தது. பதினைந்து அடிக்குத் தள்ளி வைத்ததும் ஒழுங்கானது. இந்தக் கருவி இல்லாத காலத்தில், 1742இல், பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் கட்டித் தொங்கவிட்ட மரக்கட்டையில் சுட்டு, அது எவ்வளவு ஆடியது என்பதை ஒரு ரிப்பன் இழுபட்ட நீளத்தால் அளந்தார். அவருக்குக் கிடைத்ததும் கிட்டத்தட்ட 1,700 அடிதான், இன்றைக்கு என் கருவி காட்டுவதற்கு எவ்வளவு பக்கம் பாருங்கள். பின்னாளில் கிழக்கிந்தியக் கம்பெனியின் கோட்டைகளைச் சீரமைக்க வந்த அந்த மனிதர் 1751இல் நம் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் காய்ச்சலில் இறந்தார்.

கருவி வாங்கக் காசில்லையா, சுட்ட துணித்துண்டுகளைப் பொறுக்குங்கள், சில கஜம் முன்னால் புல்லில் கிடக்கும். விளிம்பு மட்டும் பிசிறாகி நடுவில் வட்டமாகக் கறுத்திருந்தால் நல்லது. நடுவில் ஓட்டை, ஓரமெல்லாம் கருகல் என்றால் அந்த அளவைத் துணி தாங்கவில்லை. தடிமனான துணி போட்டுப் பாருங்கள், இல்லையென்றால் மருந்தைக் குறையுங்கள். அடிப்பக்கம் குழிந்த மினியே குண்டுக்கும் இதே கதை. அந்தக் குழிந்த பாவாடை விரிந்துதான் குழலுக்குள் இருக்கும் சுழல் மரையைப் பிடிக்க வேண்டும். மருந்து மிஞ்சினால் பாவாடை வெளியே வந்ததும் மலர்ந்துபோய், குண்டு எங்கேயோ போகும். அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்து 1861 ஸ்பிரிங்ஃபீல்டு துப்பாக்கிக்கு 58 காலிபரிலும் 60 கிரெயின் போதுமானதாக இருந்தது. எஃகின் எல்லை வருவதற்கு எவ்வளவோ முன்னால் துணியின் எல்லையும் ஈயத்தின் எல்லையும் வந்துவிடுகின்றன.

அப்படியானால் குழல் வெடிப்பதே இல்லையா? வெடிக்கும், மருந்து கூடாமலேயே வெடிக்கும். குண்டு மருந்தைத் தொடாமல் நடுவில் நின்றால் அந்த இடைவெளியில் குழல் மோதிரம்போல் வீங்கும், மோசமானால் பிளக்கும். இதற்குக் காவல் ஒரு கோடு. குழல் காலியாக இருக்கும்போது திணிகோலை விட்டு வாய் மட்டத்தில் ஒரு கோடு, சரியாகக் கெட்டித்தபின் இன்னொரு கோடு. ஒரு ஈரமான நாளில், துடைக்காமல் நாலைந்து சுட்ட பிறகு என் இரண்டாவது கோடு வாய்க்கு மேலே மூன்று விரற்கடை உயரத்தில் நின்றுவிட்டது. உள்ளே கரி வளையம். பக்கத்தில் நின்ற பெரியவர், "சுட்டா போயிடும்பா, மருந்துதான் தள்ளுமே" என்றார். கேட்கவில்லை. கிண்ணத்து மருந்தைத் தட்டிவிட்டு, வாயை ஆளில்லாத பக்கம் திருப்பி, காற்றழுத்தக் குப்பியால் குண்டை வெளியே தள்ளினேன். அதன்பின் ஒவ்வொரு வெடிக்கும் நடுவில் ஈரத் துணி ஒரு முறை, உலர் துணி ஒரு முறை. அழுத்தம் வெடிக்கு வெடி மாறாமல் இருக்கவும் இதுவே வழி.

மாற்று மருந்து போடுவதாக இருந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து. ட்ரிபிள் செவன் கருமருந்தைவிட வீரியம், அதே வேகத்துக்குக் கொள்ளளவில் 15 சதவீதம் குறைக்கச் சொல்கிறார்கள். நான் 70 கிரெயின் கருமருந்தில் நிறுத்திக்கொண்டேன், 60 கஜத்தில் ஐந்து குண்டும் ஒரு டீ டம்ளர் வாய்க்குள் விழுகின்றன. கோலில் இரண்டாவது கோட்டுக்குப் பக்கத்தில் கத்தி முனையால் '70' என்று கீறி வைத்திருக்கிறேன்.