ஆட்சி மாறியதும் கலையும் கூட்டம்: போர் எதிர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2007 ஜனவரியில், இராக்குக்கு மேலும் 20,000-க்கும் அதிகமான வீரர்களை அனுப்பப்போவதாக ஜார்ஜ் டபிள்யூ. புஷ் அறிவித்தார். அந்த மாதம் முடிவதற்குள் பல்லாயிரம் பேர் வாஷிங்டனில் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 2009 டிசம்பர் 1 அன்று, ஆப்கானிஸ்தானுக்கு மேலும் 30,000 வீரர்களை அனுப்புவதாக பராக் ஒபாமா அறிவித்தார். அப்போது அப்படியொரு கூட்டம் கூடவில்லை. அடுத்த ஒன்பதாவது நாள் அவர் ஆஸ்லோவில் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்றுக்கொண்டார்.

இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் அமெரிக்கர்களுக்குப் போர் பிடித்துப்போய்விட்டதா என்றால், இல்லை. வெள்ளை மாளிகையில் ஆள் மாறியிருந்தார். இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கதையை 2008 நவம்பரில், ஒபாமா வென்ற இரவில் தொடங்குகிறார்கள். என் கணிப்பில் இது தாமதமான தொடக்கம். கூட்டம் உச்சத்தில் இருந்தபோது செய்த தவறுகள்தான் பிறகு கூட்டத்தைக் கலைத்தன. எனவே இங்கே சொல்லப்போகும் பலவற்றையும் ஆட்சி மாறுவதற்கு முன்பே கவனித்தாக வேண்டும்.

போருக்கு ஒரே ஒரு முகத்தை ஒட்டுவது

தவறுகளில் பெரியது இது. 2003-க்கும் 2008-க்கும் இடையில் அமெரிக்க ஊர்வலங்களின் பதாகைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது புஷ்ஷின் முகம். காரணம் புரிகிறது. கோபத்துக்கு ஒரு முகம் வேண்டும். நிதி ஒதுக்கீட்டு மசோதாவுக்கு யாரும் கொடும்பாவி கட்டி எரிக்க முடியாது. ஆனால் இராக் போருக்கான அனுமதி 2002 அக்டோபரில் செனட்டில் 77-23 என்ற கணக்கிலும் பிரதிநிதிகள் சபையில் 296-133 என்ற கணக்கிலும் நிறைவேறியது. ஆதரித்த செனட்டர்களில் 29 பேர் புஷ்ஷின் எதிர்த்தரப்பான ஜனநாயகக் கட்சிக்காரர்கள். ஹிலாரி கிளிண்டன், ஜோ பைடன், ஜான் கெர்ரி மூவரும் அதில் அடக்கம். 'புஷ்ஷின் போர்' என்று சொல்லச் சொல்ல அந்த 29 பேரின் பொறுப்பு பார்வையிலிருந்து நழுவியது. 2004-ல் புஷ்ஷை எதிர்த்து நின்ற வேட்பாளரே கெர்ரிதான்.

ஒபாமா விஷயத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். 2002 அக்டோபர் 2 அன்று சிகாகோ கூட்டத்தில் இராக் போரை எதிர்த்துப் பேசியபோதே, தான் எல்லாப் போர்களையும் எதிர்ப்பவர் இல்லை என்றும், முட்டாள்தனமான போரைத்தான் எதிர்ப்பதாகவும் தெளிவாகச் சொன்னார். 2008 தேர்தல் பிரசாரத்தில் ஆப்கானிஸ்தானுக்குக் கூடுதல் படை தேவை என்றார். தேவைப்பட்டால் பாகிஸ்தானுக்குள்ளும் தாக்குவேன் என்றார். இதில் எதையும் அவர் மறைக்கவில்லை. கேட்டவர்கள் தங்களுக்கு வேண்டியதை மட்டும் கேட்டுக்கொண்டார்கள். பின்னாளில் "ஏமாற்றிவிட்டார்" என்று குமுறியவர்களைப் பார்த்து எனக்கு அவ்வளவாக அனுதாபம் வருவதில்லை.

இதைத் தவிர்க்க வழி, கோரிக்கையில் ஆளின் பெயர் இல்லாமல் எழுதிப் பார்ப்பது. எந்த நாட்டில் எந்தப் படை, எந்தச் சட்டத்தின் கீழ், எந்த மசோதாவின் பணத்தில் நிற்கிறது, எந்தத் தேதிக்குள் அது திரும்ப வேண்டும் என்று எழுதினால், அந்தக் காகிதம் அடுத்த அதிபரின் மேசையிலும் செல்லும். "இவர் போக வேண்டும்" என்று எழுதினால், அவர் போன அன்றே கோரிக்கை நிறைவேறிவிட்டது; வந்தவர்கள் வீட்டுக்குப் போவதில் வியப்பில்லை.

தலைகளை எண்ணிவிட்டு, வந்தவர் யார் என்று கேட்காமல் விடுவது

2003 பிப்ரவரி 15 அன்று உலகெங்கும் நூற்றுக்கணக்கான நகரங்களில் ஒரே நாளில் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த எண்ணிக்கை இயக்கத்துக்குக் கிடைத்த பெருமை. ஒருவகையில் அது கண்ணையும் மறைத்தது. மைக்கேல் ஹீனி, ஃபாபியோ ரோஜாஸ் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2007 முதல் 2009 வரை ஊர்வலங்களுக்கே போய், வந்தவர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கேட்டார்கள். ஒபாமா வந்த பிறகு கூட்டத்திலிருந்து அதிகம் விலகியவர்கள் தங்களை ஜனநாயகக் கட்சியினராகக் கருதியவர்கள். மிஞ்சிய கூட்டம் சிறியது. இரு பெரிய கட்சிகளுக்கும் வெளியே நின்றவர்களின் பங்கு அதில் கூடியிருந்தது. ஒரே ஊர்வலத்தில் இரண்டு கூட்டங்கள் நடந்து போயிருக்கின்றன: போரை எதிர்த்தவர்கள் ஒன்று, புஷ்ஷின் குடியரசுக் கட்சியை எதிர்த்தவர்கள் இன்னொன்று.

இரண்டாவது கூட்டம் வந்ததில் எந்தத் தவறும் இல்லை. அது எப்போதும் இருக்கும் என்று நம்பி அலுவலகம், ஊழியர், வரவுசெலவு எல்லாவற்றையும் அமைத்ததுதான் தவறு. ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்களை இணைத்து வைத்திருந்த 'யுனைடெட் ஃபார் பீஸ் அண்ட் ஜஸ்டிஸ்' என்ற கூட்டமைப்பு 2008-க்குப் பிறகு நிதியும் ஆளும் இல்லாமல் சுருங்கியது. அமைப்பாளர்கள் உச்சக்காலத்திலேயே வந்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்கலாம்: அடுத்த அதிபர் நீங்கள் வாக்களித்தவர், போரும் நடக்கிறது, அப்போதும் வருவீர்களா? பதில் கசக்கலாம். ஆனால் எத்தனை பேரை நம்பித் திட்டம் போடலாம் என்பது தெரிந்துவிடும்.

அவகாசம் கொடுப்பது

"இப்போதுதானே வந்திருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள்." நியாயமாகத்தான் ஒலிக்கும். தேதிகளை வைத்துப் பார்த்தால் அப்படித் தெரியாது. ஒபாமா பதவியேற்றது 2009 ஜனவரி 20. பாகிஸ்தானில் அவர் காலத்தின் முதல் ட்ரோன் தாக்குதல்கள் ஜனவரி 23. ஆப்கானிஸ்தானுக்கு 17,000 வீரர்களை அனுப்பும் அறிவிப்பு பிப்ரவரி 17. எதிர்ப்பாளர்கள் அவகாசம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். படைத் தலைமை யாருக்கும் கொடுக்கவில்லை. ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படையினர் அதிகம் உயிரிழந்த ஆண்டு 2010, கிட்டத்தட்ட 500 பேர். அதே ஆண்டில் பாகிஸ்தானில் நடந்த ட்ரோன் தாக்குதல்கள் 100-க்கும் மேல்.

பொறுக்காதவர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். இராக்கில் மகனை இழந்து, 2005-ல் புஷ்ஷின் பண்ணை வீட்டுக்கு வெளியே முகாமிட்டுப் பெயர் பெற்ற சிண்டி ஷீஹன், 2009 ஆகஸ்டில் ஒபாமா விடுமுறைக்குப் போன மார்த்தாஸ் வின்யார்டுக்கும் போய் நின்றார். முன்பு அவரைச் சூழ்ந்திருந்த கூட்டமும் கேமராக்களும் அங்கே அந்த அளவுக்கு வரவில்லை. நெவாடாவின் கிரீச் விமானப்படைத் தளத்தில் ட்ரோன்களை எதிர்த்த 14 பேர் 2009 ஏப்ரலில் கைதானார்கள்.

போனவர்களை வேஷதாரிகள் என்று திட்டுவது

மனதுக்கு இதமான விளக்கம், பயனற்றது. 2009-ல் அமெரிக்காவில் பொருளாதாரம் சரிந்து வேலையிழப்பு ஏறிக்கொண்டிருந்தது. மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்துக்கான சண்டை தொடங்கியிருந்தது. தெருவில் இறங்கப் பழகிய அதே ஆட்களுக்கு அங்கே வேலை வந்தது. தவிர, இராக்கிலிருந்து 2011 இறுதிக்குள் வெளியேறும் ஒப்பந்தத்தில் புஷ் அரசே 2008-ல் கையெழுத்திட்டிருந்ததால், போர் முடியப்போகிறது என்று நினைக்க ஓரளவு ஆதாரமும் இருந்தது. பலருக்கு இராக்தான் போர். ஆப்கானிஸ்தான் அந்தக் கணக்கில் வரவே இல்லை.

இது ஒரு கட்சியின் நோயும் அல்ல. 1999-ல் கொசோவோவுக்காக யுகோஸ்லாவியா மீது பில் கிளிண்டன் குண்டு வீசியபோது, அந்த விமானப் போரை ஆதரிக்கும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் 213-213 என்று சமநிலையாகித் தோற்றது. எதிர்த்து வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் குடியரசுக் கட்சியினர். நான்கே ஆண்டில், இராக் போருக்கு அந்தக் கட்சி ஏறத்தாழ ஒட்டுமொத்தமாகக் கைகொடுத்தது. அதே கொசோவோ போரில் ஜெர்மனியின் பசுமைக் கட்சி பட்ட பாடு இன்னும் கொடுமை. 1980-களின் அமைதி இயக்கத்தோடு சேர்ந்து வளர்ந்த கட்சி அது. அதன் முன்னணித் தலைவர் யோஷ்கா ஃபிஷர் வெளியுறவு அமைச்சராக இருந்து போரை ஆதரித்தார். பீலஃபெல்ட் நகரில் 1999 மே மாதம் நடந்த கட்சி மாநாட்டில் அவர்மீது சிவப்புச் சாயப் பை வீசப்பட்டு, அவருடைய செவிப்பறை கிழிந்தது. மாநாடு கடைசியில் அவர் பக்கமே சாய்ந்தது.

வீரர்களை மட்டும் எண்ணுவது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எதிர்ப்பு முழக்கம் "படைகளைத் திருப்பி அழை" என்பதோடு நின்றால், படையே போகாத போரை அது தொடாது. 2011 மார்ச்சில் தொடங்கிய லிபியா தாக்குதல் வானிலிருந்து நடந்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் அனுமதியில்லாமல் 60 நாளைத் தாண்டக் கூடாது என்கிறது 1973-ன் போர் அதிகாரச் சட்டம். தாண்டியது. நடப்பது அந்தச் சட்டம் சொல்லும் 'மோதல்' வகையில் வராது என்று வாதிட்டது ஒபாமா நிர்வாகம். பிரதிநிதிகள் சபை அந்த ஜூனில் ஒரே நாளில் லிபியா நடவடிக்கைக்கு அனுமதி தரவும் மறுத்தது, பணத்தைக் கட்டுப்படுத்தவும் மறுத்தது. தெருவில் கூட்டம் இருந்திருந்தால் இந்த இரட்டை வேடம் இத்தனை சுலபமாக நடந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

சட்டத்தை அப்படியே விட்டுவிடுவது

2001 செப்டம்பரில் நிறைவேறிய போர் அனுமதிச் சட்டத்தைப் பிரதிநிதிகள் சபையில் எதிர்த்தவர் பார்பரா லீ ஒருவர் மட்டுமே; வாக்குகள் 420-1. அதன் முக்கிய வாசகம் ஆங்கிலத்தில் 60 சொற்கள்தான். நாட்டின் பெயரும் இல்லை, காலக்கெடுவும் இல்லை. புஷ்ஷுக்குப் பிறகு ஒபாமா, டிரம்ப், பைடன் என்று மூன்று அதிபர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். புஷ்ஷின் பெயர் பதாகைகளில் இருந்த ஆண்டுகளில் இந்தச் சட்டத்தின் பெயர் அபூர்வமாகவே தெருவுக்கு வந்தது. அதிபர் மாறும்போது தானாக ஒழியாத சாமான்கள் இவை: சட்டம், தளங்கள், ஆயுத ஒப்பந்தங்கள். எதிர்க்கட்சியாக இருக்கும்போது இவற்றை நீக்குவோம் என்று பேசும் உறுப்பினரிடம், ஆட்சிக்கு வருவதற்கு முன்பே வாக்குறுதியை எழுத்தில் வாங்குவது நல்லது.

இதை இரும்பு விதி என்று நம்புவது

ஆட்சி மாறினால் இயக்கம் சாகும் என்று முடிவுகட்டுவதும் தவறு. வியட்நாம் போரை விரிவுபடுத்தியவர் ஜனநாயகக் கட்சியின் லிண்டன் ஜான்சன். அவரை அந்தக் கட்சிக்குள்ளிருந்தே எதிர்த்து வளர்ந்த இயக்கம், 1969-ல் குடியரசுக் கட்சியின் நிக்சன் வந்த பிறகு இன்னும் பெருத்தது. அந்த ஆண்டின் அக்டோபர், நவம்பர் மாதப் போராட்டங்கள்தான் அதன் உச்சம். கட்டாய ராணுவச் சேவை இருந்ததால் போர் ஒவ்வொரு வீட்டின் கதவையும் தட்டியது என்பதும் ஒரு காரணம். பிரிட்டனில் 2003-ல் லண்டன் தெருக்கள் நிரம்பியது தொழிற்கட்சி ஆட்சிக்கு எதிராகவே. 139 தொழிற்கட்சி எம்.பி.க்கள் தங்கள் சொந்தப் பிரதமருக்கு எதிராக வாக்களித்தார்கள். 2024-ல் காஸா போருக்காக பைடனை எதிர்த்து, மிச்சிகன் மாநிலத்தில் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் ஜனநாயகக் கட்சி முன்தேர்தலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் 'யாருக்கும் உறுதியில்லை' என்று வாக்களித்தார்கள். நம்ம ஆள் ஆட்சியில் இருக்கும்போதும் எதிர்க்க முடியும். முடிந்த இடங்களில் எல்லாம் எதிர்ப்பு ஆளும் கட்சிக்குள்ளேயே ஒரு காலை ஊன்றியிருந்தது.

ஜெயித்த பிறகு வாக்கெடுப்பை விட்டுக்கொடுப்பது

ஏமனில் சவூதி தலைமையிலான போருக்கு அமெரிக்க உதவி தொடங்கியது 2015-ல், ஒபாமா காலத்தில். டிரம்ப் காலத்தில் அதை நிறுத்தும் தீர்மானத்தை செனட்டர்கள் பெர்னி சாண்டர்ஸ், குடியரசுக் கட்சியின் மைக் லீ போன்றோர் கொண்டுவந்தார்கள். 2018 டிசம்பரில் செனட்டில் 56-41 என்று வென்றது. 2019-ல் இரு அவைகளிலும் நிறைவேறியது. டிரம்ப் அதை வீட்டோ அதிகாரத்தால் தடுத்தார். 2021-ல் வந்த பைடன், தாக்குதல் நடவடிக்கைகளுக்கான உதவியை நிறுத்துவதாக அறிவித்தார். ஆனால் அறிவிப்பு வேறு, சட்டம் வேறு. 2022 டிசம்பரில் சாண்டர்ஸ் அதே தீர்மானத்தை மறுபடி கொண்டுவந்தார். ஏமனில் சண்டை தணிந்திருந்த நேரம் அது. வெள்ளை மாளிகை எதிர்த்தது. பேசித் தீர்ப்போம் என்று சொல்லி, வாக்கெடுப்புக்கு முன்பே தீர்மானத்தை அவர் திரும்பப் பெற்றுக்கொண்டார். அடுத்த மாதமே பிரதிநிதிகள் சபையின் பெரும்பான்மை குடியரசுக் கட்சியிடம் போனது.